தோட்டக் குட்டைக்கு எந்த ஏரேட்டர் வாங்குவது?

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள்ளேயே 50 சென்ட்டில் ஒரு மண்குட்டை. ஓரத்தில் 5 அடி, நடுவில் 14 அடி ஆழம். இரண்டு குடில் கட்டி விருந்தினர்களைத் தங்க வைக்கிறோம். அவர்கள் தூண்டில் போடுவதற்கென்றே மூன்று வருடத்துக்கு முன் கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை என்று 500 குஞ்சுகள் விட்டோம். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம். சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் வானம் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் இரவு கனமழை. விடிந்து பார்த்தால் பெரிய மீன்களாக 60 போல செத்து மிதந்தன. பச்சையாக இருந்த தண்ணீர் பழுப்பாகி நாற்றம் அடித்தது. இப்போது எல்லாரும் ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம், போடச் சொல்கிறார்கள். ஒரு கடைக்காரர் தண்ணீரின் மேல் சுழன்று அடிக்கும் 2 எச்.பி. பேடில் வீல் சக்கரம் போதும் என்கிறார். இன்னொருவர் விளக்கு வைத்த மிதக்கும் நீரூற்று காட்டுகிறார். மூன்றாமவர் கரையில் புளோயர் வைத்து அடியில் காற்று விடலாம் என்கிறார். சிங்கிள் பேஸ் கரண்ட் எப்போதும் இருக்கும். மூணு பேஸ் முறை வைத்துத்தான் வரும். பிள்ளைகள் குளிப்பதும் இதே குட்டையில்தான். எதை வாங்குவது, எவ்வளவு நேரம் ஓட்டுவது? செத்த மீனுக்குப் பதிலாக இப்போதே குஞ்சு விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மூன்று வருடம் கண்ணெதிரே வளர்ந்த கட்லாக்கள் ஒரே இரவில் மிதப்பதைப் பார்ப்பது சாதாரண வேதனை இல்லை. அந்த மனநிலையிலும் ஆழம், பரப்பு, மழை, தண்ணீரின் நிறம், கரண்ட் நிலவரம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். "எந்த ஏரேட்டர் நல்லது" என்று ஒரே வரியில் கேட்டு வரும் கடிதங்களுக்கு உருப்படியாகப் பதில் சொல்லவே முடியாது. உங்களுக்குச் சொல்ல முடியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையில் இயந்திரத்தை வைத்து அடியிலிருந்து காற்று விடும் முறைதான் உங்கள் குட்டைக்குச் சரி. ஆனால் மூன்றாவது கடைக்காரர் காட்டும் புளோயர் உங்கள் ஆழத்துக்கு வேலை செய்யாது. அதற்குப் பதில் பிஸ்டன் கம்ப்ரசர் வேண்டும். அதோடு அவசரத்துக்குத் தண்ணீரை வாரி இறைக்கும் ஒரு டீசல் என்ஜின் தயாராக இருக்க வேண்டும். இவை இரண்டுக்கும் முன்னால், குட்டையில் இருக்கும் மீனைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த மூன்றாவதைச் செய்யாமல் முதல் இரண்டுக்கும் பணம் போடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

காரணத்தைச் சொல்கிறேன். அன்று இரவு நடந்தது என்ன என்று புரிந்தால் எந்த இயந்திரம் என்பது தானாகவே விளங்கும்.

பகலில் வெயில் பட்டதும் தண்ணீரில் இருக்கும் நுண்பாசி ஆக்சிஜனை விடுகிறது. பச்சை ஏறிய குட்டையில் மதியம் இரண்டு மணிக்கு மேல்தண்ணீரில் லிட்டருக்கு 10, 12 மில்லிகிராம்கூட இருக்கும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கிவிடும். மீனும் எடுக்கும், அடிச்சேறும் எடுக்கும். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கெண்டை மீன்களுக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் இரை எடுப்பதை நிறுத்தி மேலே வந்து வாயைப் பிளக்கும். 1-க்குப் பக்கம் இறங்கினால் சாவு தொடங்கிவிடும். ஒரே தண்ணீரில் பெரிய மீன்தான் முதலில் சாகும், சிறியது பிழைத்துக்கொள்ளும். பெரிய மீன்களாகவே செத்தன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இது நோயோ விஷமோ இல்லை, ஆக்சிஜன் பற்றாக்குறைதான் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

இரண்டு நாள் மூடாக்கு இருந்ததால் பகல் உற்பத்தி இல்லை. வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் நடந்திருக்கிறது. அதற்கு மேல் அந்த மழை. 14 அடி ஆழக் குட்டையில் மேலே வெதுவெதுப்பான தண்ணீரும் அடியில் குளிர்ந்த தண்ணீரும் தனித்தனி அடுக்காகக் கிடக்கும். வெயில் காலத்தில் முங்கிக் குளித்தவர்களுக்கு அது தெரியும்; இடுப்புக்குக் கீழே திடீரென்று சில்லிடும். அந்த அடி அடுக்கில் வெளிச்சமும் இல்லை, காற்றும் போவதில்லை. மீன் கழிவு, விழுந்த மட்டை, தின்னாமல் போன தீவனம் எல்லாம் அங்கே அழுகி, ஆக்சிஜன் துளியும் இல்லாமல், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்து கிடக்கும். கனமழையின் குளிர்ந்த நீர் மேலே விழுந்து கீழே இறங்கும்போது அந்த அடுக்கு புரண்டு மேலே வந்துவிடுகிறது. மிச்சம் இருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் அது விழுங்கிவிடும். பழுப்பு நிறம், நாற்றம் இரண்டும் அதற்குச் சாட்சி.

ஆக, உங்கள் குட்டையின் நோய் அடியில் இருக்கிறது. மேலே மட்டும் தண்ணீரைத் தூவும் இயந்திரத்தால் அதைத் தொட முடியாது.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். 50 சென்ட் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். சராசரி ஆழம் 9 அடி என்று வைத்தால் 5,500 கன மீட்டர், அதாவது 55 லட்சம் லிட்டர் தண்ணீர். நல்ல பச்சைக் குட்டையில் ஓர் இரவில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆக்சிஜன் குறைவது சாதாரணம். மொத்தம் 16 கிலோவுக்கு மேல் ஆகிறது. இதில் மீனின் பங்கு எவ்வளவு? சாவதற்கு முன் உங்களிடம் 800 கிலோ மீன் இருந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு கிலோ மீன் மணிக்கு ஏறத்தாழ 0.2, 0.3 கிராம் எடுக்கும். 12 மணி நேரத்துக்கு 800 கிலோவும் சேர்ந்து இரண்டிலிருந்து மூன்று கிலோதான். மீதியை எல்லாம் பாசியும் சேறும் தின்கின்றன. அந்தப் பாசியையும் சேற்றையும் வளர்ப்பது எது? மீனின் கழிவும் தீவனமும்தான். விருந்தினர்கள் போடும் பொரியும் ரொட்டியும் பழைய சோறும் அதில் சேரும். மீனைக் குறைத்தால் மீன் எடுக்கும் ஆக்சிஜன் மட்டும் குறைவதில்லை, பாசிக்கும் சேற்றுக்கும் போகிற சாப்பாடும் குறைகிறது. அதனால்தான் அதை முதல் வேலையாகச் சொன்னேன்.

சரி, மூன்று இயந்திரங்களுக்கு வருவோம்.

பேடில் வீல் மோசமான பொருள் இல்லை. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு அதிக ஆக்சிஜனைத் தண்ணீரில் சேர்ப்பது அதுதான். சோதனைத் தொட்டியில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 2.2 கிலோ கிடைக்கும். குட்டையில் வெதுவெதுப்பான தண்ணீரில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. இறால் பண்ணைகளில் வரிசையாக அது சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கெல்லாம் ஆழம் 4, 5 அடி. அந்த ஆழத்துக்கென்றே ஆன இயந்திரம் அது. மேலே உள்ள மூன்று நான்கு அடித் தண்ணீரைத் தள்ளும். உங்கள் 14 அடிப் பள்ளத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மூணு பேஸ் கரண்ட் விடியற்காலை மூன்று மணிக்கு வராவிட்டால் நின்று போகும். குடில்களில் தூங்குபவர்களுக்கு அந்தச் சத்தம் பெரிய தொந்தரவு. தூண்டில் நரம்பு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஓரம் மண்கரை என்பதால் அலை அடித்து அடித்துக் கரையையும் கரைக்கும். உங்கள் குட்டை முழுக்க ஆறடிக்குள் இருந்திருந்தால், பிள்ளைகள் இறங்காத இடமாகவும் இருந்திருந்தால், நானே பேடில் வீலைத்தான் சொல்லியிருப்பேன்.

நீரூற்று கண்ணுக்கு அழகு. அவ்வளவுதான். மேலே இருக்கும் இரண்டடித் தண்ணீரை உறிஞ்சி மேலேயே விழ வைக்கிறது. பாசி அடைத்துக்கொண்டால் வாரத்துக்கொருமுறை யாராவது இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இந்த இரண்டிலும் மின்மோட்டார் தண்ணீரின் மேலே அல்லது உள்ளே இருக்கிறது. கேபிள் தண்ணீரில் கிடக்கிறது. பிள்ளைகள் குளிக்கும் குட்டை என்று நீங்கள் எழுதிய ஒரே வரிக்காகவே இவை இரண்டையும் நான் ஒதுக்கிவிடுவேன். ஒரு இடத்தில் கேபிள் தோல் உரிந்தால் போதும், அப்புறம் எதைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை. மின்மோட்டார் மிதக்கும் தண்ணீரில் யாரையும் இறக்காதீர்கள், அது ஓடினாலும் சரி, நின்றிருந்தாலும் சரி.

அடியில் காற்று விடும் முறையில் கரண்ட் கரையோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்குள் போவது காற்றுக் குழாய் மட்டும். இயந்திரத்தை 100 அடி தள்ளி ஒரு சிறு கொட்டகையில் வைத்துவிட்டால் சத்தமும் கேட்காது. குமிழி மேலே ஏறும்போது அடித்தண்ணீரையும் கூடவே தூக்கி வருகிறது. மேல்தண்ணீர் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குகிறது. இந்தச் சுழற்சிதான் உங்களுக்கு வேண்டியது. அரை எச்.பி. கம்ப்ரசர் நேரடியாகக் கரைக்கும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். அதை வைத்து 16 கிலோ ஆக்சிஜன் குறையை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது செய்யும் பெரிய வேலை வேறு: பகலில் பாசி மேலே உண்டாக்கிய ஆக்சிஜனை அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அடியில் கெட்ட தண்ணீர் அடுக்காகச் சேரவிடாமல் பார்ப்பது. அடுக்கே இல்லாத குட்டையில் மழை வந்தால் புரள்வதற்கு ஒன்றும் இருக்காது.

இப்போது அந்தப் புளோயர் விஷயம். கடைகளில் ரிங் புளோயர் என்று தருவது பெரும்பாலும் பயோஃபிளாக் எனும் தொட்டி மீன்வளர்ப்புக்காக வந்தது. அந்தத் தொட்டிகளில் நான்கடித் தண்ணீர்தான் நிற்கும். புளோயர் நிறையக் காற்று தரும், ஆனால் அழுத்தம் தராது. அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 2,000 மி.மீ. நீர்மட்டம் என்றோ 200 மில்லிபார் என்றோ போட்டிருக்கும். அதன் அர்த்தம் இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடித் தண்ணீரைத் தாண்டி அதனால் காற்றைத் தள்ள முடியாது என்பதுதான். உங்கள் நடுப்பள்ளத்தில் அதன் குழாயைப் போட்டால் ஒரு குமிழிகூட வராது, மோட்டார் மட்டும் சூடாகும். ஓரத்தில் ஐந்தடியில் போட்டால் குமிழி நன்றாக வரும், பார்க்க வேலை செய்வது போலவே இருக்கும், அடித்தண்ணீர் அசையாது. இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வாங்கும் முன் தகட்டைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

காற்று வெளிவரும் வட்டு தரையிலிருந்து ஓரடி மேலே இருக்கட்டும் என்று வைத்தால், 13 அடி நீரைத் தள்ள 0.4 பார், அதாவது சுமார் 6 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். குழாயிலும் வட்டிலும் இழப்பு உண்டு. ஆகவே கடையில் கேட்க வேண்டிய வாசகம் இதுதான்: "8 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் காற்று தரும், எண்ணெய் போடத் தேவையில்லாத, சிங்கிள் பேஸ் பிஸ்டன் கம்ப்ரசர், இரவு பகல் ஓடக்கூடியது." டயர் கடையில் இருக்கும் டேங்க் கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம், அது விட்டுவிட்டு ஓடுவதற்கானது, எண்ணெய் கலந்த காற்றும் தரும். அரை எச்.பி. அளவு போதும். நாள் முழுக்க ஓடினாலும் 10, 12 யூனிட்டுக்குள் அடங்கும். எந்த மின் இணைப்பில் ஓட்டலாம் என்பதை மட்டும் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விருந்தினர் தங்கும் இடம் என்பதால் விவசாய இணைப்பில் மாட்டிவிட்டுப் பின்னால் சங்கடப்பட வேண்டாம்.

ரப்பர் சவ்வு போட்ட வட்டு இரண்டோ மூன்றோ போதும். காற்றுக்கல் வாங்காதீர்கள், போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் கல்லின் துளைகள் சில மாதத்தில் அடைத்துவிடும். சவ்வு காற்று வந்ததும் விரிந்து, நின்றதும் மூடிக்கொள்வதால் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. வட்டுகளை ஆழமான பகுதியிலேயே ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் போடுங்கள். கீழே ஒரு கான்கிரீட் பலகை வைத்து அதன் மேல் நிறுத்தினால் சேற்றில் புதையாது. சொட்டுநீருக்குப் போடும் 16 மி.மீ. குழாயே காற்றுக்கும் ஆகும். ஆனால் காற்று நிறைந்தால் மிதக்கும். நாலடிக்கு ஒரு கல் கட்டித் தரையோடு படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் தூண்டில் முள் முதலில் பிடிப்பது அந்தக் குழாயைத்தான். கம்ப்ரசரை விட்டு வரும் முதல் சில அடிக்கு இரும்புக் குழாய் போட வேண்டும்; அங்கே காற்று சூடாக வரும், பிளாஸ்டிக் இளகிவிடும். ஒவ்வொரு வட்டுக்கும் கரையிலேயே தனித்தனி வால்வு வேண்டும், ஆழம் குறைந்த வட்டு காற்றை எல்லாம் இழுத்துக்கொள்ளாமல் இருக்க. கம்ப்ரசர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அமைந்தால் ஒருவழி வால்வும் அவசியம். கரண்ட் போனதும் குட்டைத் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இயந்திரத்துக்குள் வந்துவிடும். கொட்டகைக்குக் கரண்ட் கொடுக்கும் இடத்தில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் போட்டு, எர்த்தும் சரியாகப் போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிஸ்டன் வாஷர் தேய்கிற பொருள். வாங்கும்போதே ஒரு செட் கூட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படுகிற நாளில் கடையில் இருக்காது.

சோலார் கம்ப்ரசர் என்று யாராவது வருவார்கள். பகலில் கலக்குவதற்கு அது உதவும், விடியற்காலையில் உதவாது. உங்களிடம் கரண்ட் இருக்கும்போது அது தேவையில்லை.

பொருத்தி முடித்த அன்று மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஆர்வத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டு இரவெல்லாம் ஓட விட்டால், மழை செய்த வேலையை இயந்திரமே செய்துவிடும். அடியில் கிடக்கும் கெட்ட தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் மேலே வந்து மிச்ச மீனும் போய்விடும். நல்ல வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல், முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். மறுநாள் ஒரு மணி, அதற்கடுத்த நாள் இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போய் ஏழாம் நாளில் முழு நாளும் ஓட விடலாம். நடுவில் நாற்றம் கடுமையாக வந்தாலோ மீன் மேலே வந்து வாய் பிளந்தாலோ நிறுத்திவிட்டு, மறுநாள் அதே அளவில்தான் ஓட்ட வேண்டும். கம்ப்ரசர் பழுதாகி ஒரு வாரம் நின்றுபோனாலும் இதே மாதிரி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பழகிய பிறகு வெயில் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நாள் முழுக்க ஓடட்டும். மற்ற மாதங்களில் சிக்கனம் வேண்டுமானால் இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டு வரை போதும்.

அவசரத்துக்கு டீசல் என்ஜின் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் தோப்பிலோ பக்கத்துத் தோட்டத்திலோ 5 எச்.பி. என்ஜின் பம்பு ஒன்று நிச்சயம் இருக்கும். குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி, வாய் குறுக்கிய குழாயால் உயரத் தூக்கிக் குட்டையிலேயே மழை போலத் தூவ வேண்டும். உறிஞ்சும் குழாயின் வாயைக் காலி டிரம்மில் கட்டி மேல்மட்டத்தில் மிதக்க விடுங்கள்; தரையில் போட்டால் சேற்றையும் கெட்ட தண்ணீரையும் கிளப்பிவிடும். குட்டை முழுவதையும் காப்பாற்ற முடியாது, அது தேவையும் இல்லை. ஒரு மூலையில் நல்ல தண்ணீர் இருந்தால் மீன்கள் அங்கே வந்து கூடும், விடியும்வரை அங்கேயே தாக்குப்பிடிக்கும். போர் தண்ணீரை அப்படியே குழாயில் திறந்துவிடுவது பலர் செய்கிற காரியம். ஆழ்துளைக் கிணற்று நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் இருக்காது. அதைப் பலகையிலோ சல்லடைத் தகட்டிலோ அடித்துச் சிதற விட்டுத்தான் குட்டையில் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் மாத்திரை, ஆக்சிஜன் தூள் என்று விற்பதை நம்பி இருக்க வேண்டாம். அதில் எடைக்குப் பத்து, பதின்மூன்று சதவீதம்தான் ஆக்சிஜன். உங்கள் 55 லட்சம் லிட்டரில் ஒரே ஒரு மில்லிகிராம் கூட்ட 40 கிலோவுக்கு மேல் கொட்ட வேண்டும்.

எப்போது அவசரம் என்று எப்படித் தெரியும்? தண்ணீர்ப் பரிசோதனைக்கு விற்கும் ஆக்சிஜன் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு இரண்டு மாதிரி எடுங்கள்: மேலே ஓரடியில் ஒன்று, பத்தடியில் ஒன்று. ஆழத்து மாதிரிக்கு, சிறு கண்ணாடிப் புட்டியில் கல்லைக் கட்டி, தக்கையில் தனியாக ஒரு நூல் கட்டி இறக்குங்கள். பத்தடி போனதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அங்கிருக்கும் தண்ணீர் நிரம்பும். குமிழி நின்றதும் மேலே எடுத்து உடனே முதல் இரண்டு மருந்துகளையும் விடுங்கள். புட்டிக்குள் மேகம் போல ஒரு வீழ்படிவு கிளம்பும். அது பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெளுப்பாகவே இறங்கினால் துளியும் இல்லை. சொட்டு எண்ணி அளவு பார்ப்பதற்கு முன்பே அந்த நிறம் விஷயத்தைச் சொல்லிவிடும். கம்ப்ரசர் போடுவதற்கு முன் ஒருமுறை, போட்டுப் பத்து நாள் கழித்து ஒருமுறை இந்த ஆழத்து மாதிரியைப் பாருங்கள். வெளுப்பு பழுப்பாக மாறியிருந்தால் உங்கள் பணம் வேலை செய்கிறது.

கிட் இல்லாத நாளில் உங்கள் கையே போதும். உள்ளங்கையை விரித்து முழங்கை முங்கும்வரை தண்ணீரில் விடுங்கள். முழங்கை முங்கும் முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அளவுக்கு மீறி இருக்கிறது. அன்று தீவனம் போடாதீர்கள். மூடாக்கும் சேர்ந்து இருந்தால் என்ஜினில் டீசல் ஊற்றித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மீனைக் குறைப்பது பற்றி. இப்போது 600, 700 கிலோ மீன் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த 50 சென்ட்டுக்கு 350 கிலோ வைத்துக்கொண்டால் தூண்டில்காரர்களுக்கும் குறை இருக்காது, உங்களுக்கும் இரவில் தூக்கம் வரும். ஒரு குளிர்ந்த காலையில் ஆட்களை வைத்து வலை இழுத்து, நடுத்தர அளவு மீனை விற்றுவிடுங்கள். பெரிய மீனை ஆசைக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், ஆக்சிஜன் குறைந்தால் முதலில் போவது அதுதான் என்பது நினைவிருக்கட்டும். வலை இழுக்கும் முன் நாள் தீவனம் வேண்டாம். விருந்தினர்கள் கையில் பொரி மூட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டு, நீங்களே ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து கொடுங்கள். தென்னை மட்டை, பன்னாடை எதுவும் குட்டையில் விழுந்து கிடக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் வற்றும்போது நடுப்பள்ளத்துச் சேற்றை அள்ளித் தென்னைக்குப் போட்டுவிட்டால் இரண்டுக்கும் நல்லது.

பிடித்து விடும் முறையிலும் ஒரு மாற்றம் தேவை. விடியற்காலைத் தூண்டில் அழகாக இருக்கும், ஆனால் மீனுக்கு அதுதான் மூச்சு முட்டும் நேரம். போராடிக் களைத்த மீனை அந்தத் தண்ணீரில் திரும்ப விட்டால் நீந்திப் போவது போலப் போய், மறைவில் சாகும். காலை ஒன்பதுக்கு மேல் தூண்டில் என்று ஒரு பலகை எழுதி வையுங்கள். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளாக, அதாவது எதிர்முள்ளைத் தட்டி மழுக்கிய முள்ளாகக் கொடுங்கள். மீனை ஈரக் கையால் பிடித்து உடனே விடச் சொல்லுங்கள். வட்டுகள் இருக்கும் இடத்தில் குமிழி தெரியும். அந்தப் பக்கம் வீச வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் குஞ்சு. இப்போது விடாதீர்கள். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் குட்டையில் தானாக இனப்பெருக்கம் செய்யாது என்பதால், எண்ணிக்கை எப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, அவசரமே இல்லை. கம்ப்ரசர் போட்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டட்டும். பத்தடி ஆழத்து மாதிரி விடியற்காலையில் 3 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து காட்டினால், செத்த மீனுக்கு ஈடாக மட்டும் விரலளவுக் குஞ்சுகள் 50, 60 விடலாம். யாராவது அன்பாக ஜிலேபிக் கெண்டை கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குட்டையில் விட்டுவிடாதீர்கள். அது குட்டையிலேயே பெருகும், ஒரே வருடத்தில் நீங்கள் வலை இழுத்துக் குறைத்த கணக்கெல்லாம் மாறிவிடும். கம்ப்ரசர் வாங்கும் முன் தகட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.